இடிந்த கோயிலில் ஓர் அர்ச்சனை

பெயர் கேட்டார். சொன்னேன்.

மரத்தடியில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு கிழவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அந்தப் பக்கம் நூல் கட்டிக் காதில் மாட்டியிருந்தார். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல, நீளக் கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மூன்று செங்கல் கோபுரங்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலே பழசு என்றார்கள். ஒன்று பாதி சரிந்திருந்தது, மற்ற இரண்டின் உச்சியிலும் புல் முளைத்திருந்தது. நடுக் கோபுரத்தின் வாசல் தூண்களுக்கிடையே கயிறு கட்டி, பிக்குகள் தங்கள் காவியுடுப்புகளைக் காயப் போட்டிருந்தார்கள்.

"குகதாசன்" என்றேன். கிழவர் இரண்டு தரம் சொல்லவைத்து எழுதினார். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஏதாவது உண்டோ என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

நான் யோசிக்கவேயில்லை. "திருவாதிரை" என்றேன். அதையும் எழுதினார்.

மனது நிறைந்துபோய்விட்டது. அந்த நிறைவை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று போட வேண்டும்போல் இருக்கிறது.

பக்கத்து மெஷின்காரி

கம்போடியாவில், என் வாயில் நுழையாத பெயருள்ள ஓர் ஊரின் புத்த விகாரை அது. மொன்றியலில் கொலர் தைத்துக்கொண்டிருந்தவள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று கேட்பீர்கள். நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையைப் பற்றி முந்திய வாரங்களில் எழுதியிருக்கிறேன். வாசிக்காதவர்கள் பெரிதாக ஒன்றையும் இழக்கவில்லை. குளிர் ஜாக்கெட்டும் தூசியும் இருமலும்தான்.

பக்கத்து மெஷினில் ஜாக்கெட்டுக்குச் சிப் தைத்தவள் மாலிஸ், கம்போடியாக்காரி. அவர்கள் பாஷையில் மாலிஸ் என்றால் மல்லிகை. ஆனால் வாயைத் திறந்தால் மல்லிகை வராது, சுப்பர்வைசரைப் பற்றிய வசவுதான் வரும். எங்கள் இருவருக்கும் இடையில் பிரெஞ்சுதான் ஓடியது. அவளுடையதும் அரை, என்னுடையதும் அரை. இரண்டையும் சேர்த்தாலும் முழுசாகவில்லை, ஆனாலும் பதினோரு வருஷம் கதைத்தோம். அவள் சொன்னவற்றை இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன். வேறு வழி எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு புரட்டாசியிலும் மாலிஸுக்கு ஒரு கலக்கம் வரும். அவர்களுடைய செத்தவர்கள் அந்த மாதத்தில் பதினைந்து நாள் வெளியே வருவார்களாம். ஏழு விகாரைகளுக்குப் போய், தங்கள் சொந்தக்காரர் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார்களா என்று தேடுவார்களாம். ஏழிலும் ஒன்றும் இல்லையென்றால் சபித்துவிட்டுப் போவார்களாம்.

"மொன்றியலில எங்கட விகாரை ஒண்டுதான் இருக்கு. மிச்சம் ஆறுக்கும் அதுகள் எங்கை போகும்?" என்பாள். "பஸ்ஸும் தெரியாது. பிரெஞ்சும் தெரியாது."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அந்தப் பதினைந்து நாளும் அவள் தைக்கும் சிப் கோணலாகப் போகும்.

அதே பதினைந்து நாளில்தான் எங்களுக்கும் செத்தவர்களுக்குப் படைக்கும் மாளயம் வருகிறது. அது என் மரமண்டையில் அப்போது ஏறவில்லை.

குகன்

குகதாசன் என் தம்பி. வீட்டில் குகன். செருப்பை இழுத்து இழுத்து நடப்பான். "காலைத் தூக்கி நடவடா, செருப்பு என்ன பாவம் செய்தது?" என்று அப்பா கத்தாத நாளில்லை. வாசல் படலையில் சத்தம் கேட்கும்போதே குகன் வருகிறான் என்று அம்மா சோற்றைப் போட்டுவிடுவார்.

நாங்கள் முதலில் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தோம்; தொண்ணூறுகளின் நடுவில் அவனையும், ஆட்களைக் களவாகக் கடத்தும் ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் கனடாவுக்கு எடுக்கப் பார்த்தோம். கொழும்பு, பாங்கொக் என்று போய், பிறகு கம்போடியாவில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஒரே ஒரு தடவை மொன்றியலின் ரொக்ஸ்பரோப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, இஞ்சை சாப்பாடு பரவாயில்லை. சோறுதான் தாறாங்கள். அடுத்த கிழமை பிளேன் ஏத்திறாங்களாம். அம்மாட்டைச் சொல்லுங்கோ" என்றான்.

அடுத்த கிழமை வந்தது. குகன் வரவில்லை. ஏஜென்சிக்காரனின் இலக்கம் வேலை செய்யவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அம்மா எங்களை வீடு மாற விடவில்லை. பக்கத்துப் பகுதியான கர்க்லாண்டில் நல்ல வீடொன்று கிடைத்தது. "அவன்ர கையில இந்த நம்பர்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

வருஷங்கள் போகப் போக, லொங்குய்யில் இருக்கும் பெரியப்பா மெல்லச் சொல்லிப் பார்த்தார், எத்தனை நாளைக்கு இப்படி, ஒரு காரியத்தைச் செய்து விட்டுவிடுவோம் என்று. அம்மா தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார், பாதி குடித்தபடியே. குசினிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆரும் எள்ளும் தண்ணியும் இறைப்பினமோ?"

அதற்குப் பதிலாக மாதாமாதம் திருவாதிரையன்று கோயிலில் குகன் பெயருக்கு அர்ச்சனை. வேலை முடிந்து வந்து நான்தான் போவேன். மேசையில் இருப்பவர் பெயர் கேட்பார், குகதாசன் என்பேன். நட்சத்திரம் கேட்பார், திருவாதிரை என்பேன். எத்தனை வருஷம்! நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் என் வாய் அந்த இரண்டு சொல்லையும் அதே ஒழுங்கில் சொல்லும்.

போன இடம்

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் தொழிற்சாலையை மூடினார்கள். மாலிஸ் அந்தப் புரட்டாசிக்கு ஊருக்குப் போவதென்று தீர்மானித்தாள்.

"நீயும் வா. உன்ர தம்பி கடைசியாக் கதைச்சது எங்கட நாட்டிலயிருந்து. நான் பாஷை தெரிஞ்சவள், கேட்டுப் பாப்பம்" என்றாள்.

அம்மா எனக்கு விபூதிச் சரை ஒன்று கட்டித் தந்தார். குகனுடைய படம் ஒன்று, அவனுக்குப் பிடித்த பருத்தித்துறை வடை ஒரு டப்பா. வடை! கண்டால் கொடுக்கவாம். விமானத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டே போனேன்.

புனோம்பென்னில் ஐந்து நாள் அலைந்தோம். பழைய விடுதி ஒன்றை நடத்திய பெண் மட்டும் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உங்கள் நாட்டுப் பொடியன்கள் நிறையப் பேர் இங்கே இருந்தார்கள், நாள் முழுக்கப் படிக்கட்டில் குந்தியிருந்து தொலைபேசியையே பார்ப்பார்கள் என்றாள். இவனா? தெரியாது. எல்லாரும் மெலிவு, எல்லாரும் ஒரே மாதிரி என்றாள்.

ஐந்தாம் நாள் நான் அழுதேன். மாலிஸ் என்னைத் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஊர் விகாரையில் மஞ்சள் பூச்சுப் பூசிய புது மண்டபம் முன்னால் இருந்தது. உள்ளே பிக்குகள் ஓதிக்கொண்டிருந்தார்கள், பெண்கள் பெரிய பானைகளில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். கோழிகளும் நாய்களுமாக ஒரே சந்தடி. மாலிஸ் வந்ததும் வராததுமாகப் பானைப் பக்கம் போய்விட்டாள். நான் பின்பக்கம் நடந்தேன். நாற்பது அடிதான் இருக்கும். சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. ஓதுவதும் கேட்கவில்லை, கோழியும் கேட்கவில்லை. மூன்று கோபுரங்கள் மட்டும் நின்றன.

நடுக் கோபுரத்துக்குள் குனிந்து போனேன். கண்ணுக்கு இருட்டுப் பழக, முதலில் தெரிந்தது ஒரு காளை. தலை இல்லை. கழுத்து வெட்டில் யாரோ ஊதுபத்தி செருகியிருந்தார்கள். அதற்கு எதிரே கல்லில் ஓர் ஆவுடையார். கோமுகி வடக்குப் பார்த்திருந்தது, நம்முடைய கோயில்களில் போலவே. லிங்கத்தைக் காணவில்லை. அது இருந்த குழியின் மேலே சீமெந்துப் புத்தர் ஒருவரைத் தூக்கி வைத்துத் தங்கப் பூச்சு அடித்திருந்தார்கள். குழி அவருக்குப் பெரிதாகிவிட்டது. சுற்றிவரத் தண்ணீர் தேங்கிக் கறுப்பாகக் கிடந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இது ஈசன் கோயில். உலகத்தின் எந்த மூலையோ என்று அழுதுகொண்டு வந்தவள் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறேன்! அம்மா தந்த விபூதியை எடுத்துக் காளையின் முதுகில் பூசினேன். நெற்றியிலும் பூசிக்கொண்டேன். விழுந்து கும்பிட்டேன். நிலம் ஈரமாகவும், ஒருவர் இப்போதுதான் எழுந்து போன பாய்போல் சூடாகவும் இருந்தது.

வெளியே வந்தால், அதற்குள் வாசலுக்கு எதிரே மரத்தடியில் அந்த மேசையைப் போட்டிருந்தார்கள். நம்முடைய கோயில்களில் அர்ச்சனைத் துண்டு எழுதும் மேசை இருக்கும் அதே இடம். தட்டும் பூவும் ஊதுபத்தியுமாகச் சனம் வரிசையில் நின்று பெயர் சொல்கிறது. செத்தவர்களின் காரியம் எல்லாம் அந்தப் பக்கம் மஞ்சள் மண்டபத்தில், இது இந்தப் பக்கம் ஈசனுடைய அர்ச்சனை என்று என் புத்தி தானாகவே கோடு கிழித்துவிட்டது. கோடு கிழித்தது நான் மட்டும்தான். அந்த ஊரில் வேறு யாருக்கும் அப்படி ஒரு கோடு இல்லை.

எழுதிவிட்டு வந்து, மாலிஸின் மருமகனுடைய கைபேசியை வாங்கி அம்மாவுக்கு எடுத்தேன்.

"அம்மா, இஞ்சை ஒரு பழைய சிவன் கோயில். தம்பிக்கு அர்ச்சனைக்குக் குடுத்திட்டன்."

"நட்சத்திரம் சொன்னனியோ?"

"ஓம் அம்மா."

"அப்ப சரி. இனி அவர் பாத்துக்கொள்ளுவார்" என்றார். அம்மாவின் குரலில் அப்படி ஒரு வெளிச்சம் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

பின்னேரம் ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்தார்கள். நீளமான ராகம். ஒன்றும் விளங்காத நூறு பெயர்களுக்குப் பிறகு, ஒரு வயதான பிக்குவின் குரலில், "குகதாசன், திருவாதிரை." இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன்.

இரண்டு உருண்டை

மறுநாள் நன்றாக விடியுமுன் மாலிஸ் என்னை எழுப்பினாள். பின்பக்கம், கோபுரங்களைச் சுற்றிச் சனம் மெழுகுதிரியோடு நின்றது. பெரிய தட்டொன்று கை மாறி வந்தது. என்னிடம் வந்ததும் மாலிஸ் அதிலிருந்து இரண்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

சோற்று உருண்டை. ஒட்டும் சோறு, உள்ளங்கையில் இளஞ்சூடு. மெழுகுதிரிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். மேலெல்லாம் எள்ளு.

அப்பா செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் எங்கள் அண்ணன் கையில் ஐயர் வைத்ததும் இதேதான். இது பிண்டம்.

"ஏன் எனக்கு?" என்றேன்.

"நீ ரெண்டு பேருக்கு எழுதிக் குடுத்திருக்கிறாய் எண்டு அந்தக் கிழவர் சொன்னார்" என்றாள் மாலிஸ். "ஒண்டு குகன். மற்ற ஆள் ஆர், திருவாதிரை?" பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "குகன் செத்திட்டான் எண்டு உனக்கு ஆரும் சொன்னவையோ?"

நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிழவரிடம் போனேன். பெயரை வெட்டச் சொல் என்றேன். பிழையாகக் கொடுத்துவிட்டேன், அவன் உயிரோடு இருக்கிறான், வெட்டச் சொல், இப்போதே வெட்டச் சொல் என்று கத்தினேன். அத்தனை மெழுகுதிரியும் என் பக்கம் திரும்பின.

கிழவர் கோபிக்கவில்லை. நூல் கட்டிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஏதோ சொன்னார். மாலிஸ் சொல்லத் தயங்கினாள்.

"என்னடி சொல்லுறார்?"

"வாசிச்ச பெயரை வெட்ட ஏலாதாம். கூப்பிட்டாச்சாம். உயிரோட இருக்கிற ஆளெண்டால் வரமாட்டாராம், நீ பயப்பிடத் தேவையில்லையாம்." என் கையிலிருந்த உருண்டையைக் காட்டினாள். "வந்தால் குடுக்கச் சொல்லுறார்."

சனம் சுற்றத் தொடங்கியது. மூன்று சுற்று. சுற்றும்போது உருண்டையை இருட்டுக்குள் எறிய வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மாலிஸ் காதுக்குள் சொன்னாள். அதை அவள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, சுடலையிலிருந்து திரும்பிப் பார்க்காமல் வருகிற சாதி நாங்கள்.

இன்னொன்றும் அப்போதுதான் சொன்னாள். எழுபதுகளில் அவர்கள் நாட்டில் ஊர்ஊராகச் சனத்தைத் துவக்கு முனையில் வயலுக்கு ஓட்டிய காலத்தில், இந்த நடுக் கோபுரத்துக்குள்தான் ஆட்களை அடைத்து வைத்திருந்தார்களாம். அவளுடைய அப்பாவையும்.

நான் விழுந்து கும்பிட்ட நிலம் அது.

முதல் சுற்றில் திருவாதிரையின் உருண்டையை எறிந்தேன். நட்சத்திரத்துக்குச் சாவா வரப்போகிறது? குகனுடையதைக் கைக்குள் இறுக்கிப் பொத்திக்கொண்டேன். கொடுக்கமாட்டேன். கொடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

இரண்டாம் சுற்றில், சரிந்த கோபுரத்தைத் தாண்டும்போது, எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

அங்கே எல்லாரும் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள்.

இழுத்து, இழுத்து. நான் நின்றால் நின்றது. நடந்தால் வந்தது. கிட்ட வரவும் இல்லை, விலகவும் இல்லை. குகன் என்னோடு எங்கே வந்தாலும் நாலடி பின்னால்தான் வருவான். கைக்குள் உருண்டை நசிந்து, எள்ளு விரலிடுக்கில் ஒட்டியது. திரும்பவில்லை. திரும்பினால் இல்லாமல் போய்விடுவானோ என்று பயம். இருந்துவிடுவானோ என்று அதைவிடப் பயம்.

மூன்றாம் சுற்றும் வந்தது. நடுக் கோபுரத்தின் கிழக்கு வாசலில் சத்தம் நின்றது. நான் தொடர்ந்து நடந்தேன். தட்டு வைத்திருந்த பெண்ணிடம் போய் நசிந்த உருண்டையைத் திருப்பி வைத்தேன். அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படி ஒருவரும் திருப்பி வைத்ததில்லைப் போலிருக்கிறது.

விடிந்த பிறகு கிழக்கு வாசலில் போய்ப் பார்த்தேன். செருப்பும் இல்லை, காலடியும் இல்லை. கயிற்றில் காவியுடுப்புகள் காய்ந்து விறைத்துக்கொண்டிருந்தன.

ரொக்ஸ்பரோ

வீட்டுக்கு வந்தால் அம்மா சுற்றத்தில் பாதிப் பேருக்குச் சொல்லி முடித்திருந்தார், குகனுக்குப் பழைய சிவன் கோயிலில் அர்ச்சனை நடந்துவிட்டது என்று. பெரியப்பாவுக்கு இரண்டு தரம் சொல்லியிருந்தார். என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "பிரசாதம் எங்கை?"

விமான நிலையத்தில் பறித்துவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். வடை டப்பாவைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதை மாலிஸின் மருமகன் தின்று முடித்திருந்தான்.

இரண்டு கிழமை அந்தப் பொய்யோடு இருந்தேன். தொலைபேசி மணி அடித்தால் அம்மா முன்னைவிட வேகமாக ஓடி எடுத்தார். அர்ச்சனை பலிக்கப் போகிறது என்ற நம்பிக்கை. ஒவ்வொரு தடவையும் அது வேறு யாரோ. ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து, "பேந்து எடுப்பான், இண்டைக்கில்லாட்டி நாளைக்கு" என்பார். எனக்குத் தாங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவருக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேசையை, கொப்பியை, நான் செய்த மடைத்தனத்தை. அது செத்தவர்களின் பெயர் எழுதும் மேசை என்பதை. ஒலிபெருக்கியில் அவன் பெயரை வாசித்ததை, எள்ளுருண்டையை. செருப்புச் சத்தத்தை மட்டும் சொல்லவில்லை. அதை எப்படி ஒரு தாய்க்குச் சொல்வது?

அம்மா கத்துவார், என் கன்னத்தில் அறைவார், உயிரோடு இருக்கிற பிள்ளையைக் கொன்றுவிட்டு வந்தாயே என்று தலையில் அடித்துக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். வெளியே யாரோ வாசல் பனியைச் சவலால் வழித்துக்கொண்டிருந்தார்கள். முதல் பனி. இழுத்து இழுத்துக் கேட்ட அந்தச் சத்தத்தின் பக்கம் அம்மா தலையைத் திருப்பினார்.

"நீ அந்த உருண்டையை எறிஞ்சனியோ?"

"இல்லை அம்மா. திருப்பித் தட்டில வைச்சிட்டன்."

"கையில வைச்சிருந்திட்டோ?"

"ஓம்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"ஏன் பிள்ளை எறியேல்லை? உனக்குப் பின்னால அவ்வளவு நேரம் வந்தவனுக்குப் பசிச்சிருக்குமெல்லே."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மா எழுந்து குழாயடியில் கையைக் கழுவினார். சீலைத் தலைப்பில் துடைத்தார். அரிசிப் பேணியை எடுத்து, இரண்டு சுண்டு அளந்து கழுவி, அடுப்பில் வைத்தார். பிறகு எனக்கு முதுகு காட்டி நின்றபடியே கேட்டார்.

"எள்ளு எங்கை வைச்சிருக்கிறாய்?"

மேல்தட்டில், உழுந்துப் போத்தலுக்குப் பின்னால் என்றேன்.